சுண்ணாம்பும் ஆமணக்கும்

கள்ளின் நுரை வேறு, பதனீர்ச் சட்டியின் நுரை வேறு. இரண்டுமே பனம்பாளையிலிருந்து சொட்டிய ஒரே சாறுதான். ஆனால் கலயத்தில் எழும் நுரைக்கும் அடுப்பில் எழும் நுரைக்கும் காரணம் ஒன்றல்ல. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடுகளில் (1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை இதெல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான்) பனையேறிகள் இந்த இரண்டு நுரைக்கும் இரண்டு மருந்து வைத்திருந்தார்கள். கலயத்துக்குச் சுண்ணாம்பு. சட்டிக்கு ஆமணக்கு முத்து.

காகித ஆலைகளில் பீப்பாய் பீப்பாயாக நுரையடக்கி ஊற்றியும் அடங்காத நுரையைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம், யாரோ கலயத்துக்குள் ஆமணக்கு முத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும். இந்த அத்தியாயம் காகிதப் பூச்சில் வரும் நுரையைப் பற்றியது. அதற்குள் போகச் சுருக்கு வழி, பதனீர் காய்ச்சும் குடிசையான விடிலி வழியாகத்தான்.

பதனீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. பாளையைச் சீவிய நேரத்திலிருந்தே காற்றிலும் கலயத்தின் சுவரிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் வேலையைத் தொடங்கிவிடும். சர்க்கரை சாராயமாகும், கூடவே கரியமில வாயு வெளியேறும். ஒரு லிட்டர் சாற்றிலுள்ள சர்க்கரை முழுதும் புளித்தால் வரும் வாயு 30 லிட்டருக்கு மேல். கள் இறக்கத் தடை உள்ள மாநிலத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவது சற்று வேடிக்கைதான். ஆனால் கணக்கு கணக்குத்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பைத் தடவிவிட்டால் சாறு காரமாகி, நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். வாயு பிறக்காது, ஆகவே நுரையும் இராது. இங்கே சுண்ணாம்பு நுரையை உடைப்பதில்லை. நுரை பிறக்கும் காரணத்தை நிறுத்துகிறது.

சட்டியில் நடப்பது வேறு. அங்கே உயிருள்ளது எதுவும் மிஞ்சுவதில்லை. தண்ணீர் ஆவியாகிக் குமிழிகளாக மேலே வருகிறது. வெறும் தண்ணீர் என்றால் அந்தக் குமிழிகள் மேலே வந்தவுடன் உடைந்துவிடும். பதனீரில் புரதமும் பிசினும் கொஞ்சம் உண்டு. நேரம் ஆக ஆகச் சாறு இறுகிக் கூப்பனி என்ற பாகுப் பதத்தை நெருங்குகிறது. குமிழிகள் உடையாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழியப் பார்க்கும். அப்போது இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் தூவினால் நுரை சட்டென்று உட்காரும். வாயு பிறப்பது நிற்கவில்லை. சட்டி கொதித்துக்கொண்டேதான் இருக்கிறது. குமிழியின் சுவர் மட்டும் நிற்கவில்லை.

ஆமணக்கு முத்தில் ரைசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். ரைசின் ஒரு புரதம். ஈரத்தில் 80 டிகிரிச் சூட்டில் சில நிமிடங்களில் செயலிழந்துவிடும். பாகு கொதிப்பது நூறு டிகிரிக்கும் மேலே, நெடுநேரம்.

*

குமிழியின் சுவர் ஏன் நிற்கிறது, ஒரு துளி எண்ணெய்க்கு அது ஏன் பயப்படுகிறது?

சுத்தமான தண்ணீர் நுரைக்காது. அதன் மேற்பரப்பு இழுவிசை 25 டிகிரியில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். நீரின் பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கிறது. சோப்பு, புரதம், மாவுப்பொருள் போன்றவற்றின் மூலக்கூறுகளில் ஒரு முனைக்கு நீர் பிடிக்கும், மறுமுனைக்குப் பிடிக்காது. அவை பரப்பில் வந்து வரிசையாக நிற்கும்போது இழுவிசை குறைகிறது. இழுவிசை குறைவதால் நுரை நிற்கிறது என்று பாடப்புத்தகங்களில்கூடப் படித்திருக்கலாம். அது அரைகுறை விளக்கம். சாராயம் கலந்தாலும் நீரின் இழுவிசை வெகுவாகக் குறையும். ஆனால் சாராயக் கலவை சோப்புநீரைப் போல நுரைப்பதில்லை.

மீதிப் பாதியை விளக்க உதவியவர் கார்லோ மாரங்கோனி என்ற இத்தாலியர். பாவியா பல்கலைக்கழகத்தில் 1865-ல் அவர் கொடுத்த ஆய்வேடு, இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்தை நோக்கித் திரவம் ஓடும் என்பதைப் பற்றியது. ஒரு குமிழியின் சுவர் ஓரிடத்தில் மெலிகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே பரப்பு விரிகிறது; விரிந்த பரப்பில் சோப்பு மூலக்கூறுகள் நெருக்கம் குறைகின்றன; அதனால் அந்த இடத்தில் இழுவிசை கூடுகிறது. உடனே பக்கத்திலிருக்கும் திரவம், சோப்பு மூலக்கூறுகளையும் சுமந்துகொண்டு அந்த மெலிந்த இடத்துக்கு ஓடி வருகிறது. காயம் ஆறிவிடுகிறது. நுரை நிற்பது இந்தத் தானே ஆறும் குணத்தால்தான். நுரையை உடைக்க வேண்டுமானால் சுவரில் ஓட்டை போட்டால் போதாது, அது ஆறுவதற்கு முன்னால் பெரிதாக்க வேண்டும்.

எண்ணெய்த்துளி அதைத்தான் செய்கிறது. ஆமணக்கெண்ணெயின் இழுவிசை நீருடையதில் பாதி அளவுதான். கனிம எண்ணெய்க்கு 30-ஐ ஒட்டி வரும். சிலிகோன் எண்ணெய்க்கு 21-ஐ ஒட்டி. இப்படிப்பட்ட துளி ஒன்று குமிழிச் சுவரின் பரப்பை எட்டிவிட்டால் நொடிக்கும் குறைந்த நேரத்தில் அதன்மேல் பரவுகிறது. பரவும்போது அடியிலிருக்கும் திரவத்தையும் சேர்த்து இழுத்துப் போகிறது. ஆறுவதற்காக வந்துகொண்டிருந்த திரவம் எதிர்ப்பக்கம் அடித்துச் செல்லப்படுகிறது. துளி போதிய அளவு பெரியதாக இருந்து, சுவரின் இரண்டு பரப்பையும் ஒரே சமயத்தில் தொட்டுவிட்டாலோ இன்னும் வேகம்: நீர்ச் சுவருக்கு நடுவே ஓர் எண்ணெய்ப் பாலம். அந்தப் பாலத்துக்குத் தன்னைத் தாங்கும் வலு கிடையாது. அது கிழிய, சுவரும் கிழியும். நுரையடக்கி முதலில் பரப்புக்குள் நுழைய வேண்டும், பிறகு பரவ வேண்டும் என்று இந்த இரு படிகளையும் சேர்த்து 1950-ல் எழுதியவர் சிட்னி ராஸ் என்ற வேதியியலாளர்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. துளி துளியாகவே இருக்க வேண்டும். கரைந்துவிட்டால் அது வெறும் கரைபொருள். பல நேரம் அதுவே நுரைப்பானாகவும் மாறிவிடும். நுரையடக்கி வேலை செய்வது அது கலவையோடு ஒத்துப்போகாததால்தான். இந்த ஒவ்வாமையைக் கடைசியில் இன்னொரு முறை பார்க்கப்போகிறோம், அப்போது அது தொல்லையாக இருக்கும்.

ஆமணக்கை எண்ணெயாக ஊற்றாமல் முத்தாக இடித்துப் போடுவதிலும் விஷயம் இருக்கிறது. துளி பரப்பை நெருங்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய நீர்ப்படலம் மாட்டிக்கொள்ளும். அது விலகாதவரை துளியால் உள்ளே நுழைய முடியாது. கூர்முனையுள்ள, நீர் ஒட்டாத திடத்துகள் ஒன்று எண்ணெயின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் படலத்தைக் குத்தி வழிவிடும். அதனால்தான் இன்று விற்கும் நுரையடக்கிகளில் பெரும்பாலானவை வெறும் எண்ணெய் அல்ல. நீர் ஒட்டாதபடி பக்குவப்படுத்திய சிலிக்காத் தூளையோ மெழுகுத் துகளையோ எண்ணெயில் கலந்து தருகிறார்கள். எண்ணெய் தனியாகப் போனாலும் தூள் தனியாகப் போனாலும் அரைகுறை வேலைதான், சேர்ந்து போனால் பல மடங்கு. இடித்த முத்தில் பாதிக்குக் கிட்டத்தட்ட எண்ணெய், மீதி அரைபட்ட பருப்பும் தோலும். சிலிக்கா அளவுக்குக் கூர்மையாக அந்தத் தூள் வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சேர்மானம் அதே சேர்மானம்.

துகளின் வேலையைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் பாபநாசத்தில் குளித்துவிட்டு ராதாபுரம் பக்கத்துக் கிணற்றடியில் ஒருமுறை குளித்துப் பார்க்கலாம். பொதிகையின் பாறைமேல் ஓடி வரும் ஆற்றில் கரைந்த சுண்ணாம்பு குறைவு; சோப்பு கையெல்லாம் நுரைக்கும். உப்பும் சுண்ணாம்பும் ஏறிய கிணற்று நீரில் சோப்பு வெள்ளைத் திட்டாகத் திரிந்து மிதக்கும். சோப்பு வீணாகிவிட்டது என்பது பாதிக் கதை. அந்தத் திட்டு கால்சியம் சோப்பு; நீர் ஒட்டாத துகள். எஞ்சிய சோப்பு எழுப்பப் பார்க்கும் நுரையையும் அது குத்தி உடைக்கிறது.

*

இனி ஆலைக்கு வரலாம். தாமிரபரணிப் படுகையில் காகிதம் புதிதல்ல. சேரன்மகாதேவியில் சன் பேப்பர் மில். முக்கூடல் பக்கம் இலந்தைகுளத்தில், பள்ளிபாளையம் சேஷசாயி காகித ஆலை 2011-ல் வாங்கிய இரண்டாவது அலகு. எழுதும் தாளும் அச்சுத்தாளும்தான் இந்தப் பக்கத்தின் பழகிய சரக்கு. பளபளப்பான பூச்சு அட்டைக்குத் தமிழ்நாட்டில் பெயர் சொல்ல வேண்டுமானால் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டிக்குப் போக வேண்டும். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் ஆண்டுக்கு 2 லட்சம் டன் திறனோடு 2016-ல் அங்கே பூச்சு அட்டை ஆலையைத் தொடங்கியது. ஆனால் பூச்சுக் காகிதத்தை உற்றுப் பார்ப்பவர்கள் நெல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சிவகாசியில் காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் பட்டாசுப் பெட்டியும் அச்சடிக்கும் அச்சகத்தாரை விடக் கறாரான பரிசோதகர்கள் எந்த ஆலையின் சோதனைக்கூடத்திலும் கிடையாது.

பூச்சு என்பது பெரும்பாலும் அரைத்த சுண்ணாம்புக்கல். திருநெல்வேலிக்காரர்களுக்குச் சுண்ணாம்புக்கல் என்றால் தாழையூத்து நினைவுக்கு வரும். இந்தியா சிமென்ட்ஸின் முதல் ஆலை 1949-ல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. காகிதத்துக்குப் போவது அதைவிட வெண்மையான கல். ஆனால் வேதிப்பொருள் அதேதான்: கால்சியம் கார்பனேட். மிக நைசாக அரைத்த ரகத்தில் துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூறு 2 மைக்ரானுக்கும் கீழே இருக்கும். நூறு பங்கு கல்லுக்குப் பத்துப் பங்கை ஒட்டி ஸ்டைரீன் பியூட்டடையீன் லேட்டக்ஸ், சில நேரம் வேகவைத்த ஸ்டார்ச், கெட்டிப்படுத்தக் கொஞ்சம் சி.எம்.சி. (செல்லுலோஸிலிருந்து செய்யும் பசை), துகள்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பாலிஅக்ரிலேட், வெண்மை கூட்டும் சாயம். ஆலையில் இதைக் கோட்டிங் கலர் என்பார்கள். நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு திடப்பொருள்; அதாவது, தண்ணீரில் கல்லைக் கரைப்பது என்பதைவிட, ஈரமான கல்லை ஓட வைப்பது என்பதே சரி.

இதில் நுரைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். லேட்டக்ஸ் துகளைத் தாங்கி நிற்பது சோப்பு வகை. ஸ்டார்ச்சும் சி.எம்.சி.யும் குமிழிச் சுவரைத் தடிக்க வைக்கும். காற்றும் தாராளம்: கலக்கி சுழலும்போது நடுவில் விழும் குழியில் கொஞ்சம், பம்ப்பின் தண்டைச் சுற்றியிருக்கும் கிளாண்டில் கசிவு இருந்தால் அதன் வழியாகக் கொஞ்சம், பூசியது போக மிச்சம் தொட்டிக்குத் திரும்பும்போது உயரத்திலிருந்து விழுந்து இழுத்து வருவது நிறைய. திரும்பும் குழாயின் வாயைத் திரவ மட்டத்துக்குக் கீழே நீட்டிவிட்டாலே பல ஆலைகளில் பாதி நுரை குறையும். இதற்குச் செலவு ஒரு முழக் குழாய். நுரையடக்கி விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

மேலே தெரியும் நுரையைவிட உள்ளே கலந்து நிற்கும் குமிழிதான் பெரிய தொந்தரவு. ஒரு சிறு கணக்கு. கலவை தண்ணீரைப் போல ஆயிரம் மடங்கு பிசுபிசுப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் குமிழி ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வர இருபது நிமிடம் ஆகும். குமிழியின் அளவு பத்தில் ஒன்றானால் ஏறும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும் என்பது ஸ்டோக்ஸ் விதி. ஆகவே 0.1 மில்லிமீட்டர் குமிழி மேலே வர ஏறக்குறைய ஒன்றரை நாள். எந்த ஆலையும் அத்தனை நேரம் தொட்டியைச் சும்மா வைத்திருக்காது. அந்தக் குமிழி காகிதத்துக்குத்தான் போகும். சதுர மீட்டருக்கு 10 கிராம் பூசினால் காய்ந்த பூச்சின் தடிமன் 10 மைக்ரானுக்கும் கீழே. 0.1 மில்லிமீட்டர் என்பது 100 மைக்ரான். தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய குமிழியை அந்தப் பூச்சு எங்கே ஒளித்துவைக்கும்? பூச்சை வழித்துச் சமப்படுத்தும் பிளேடின் அடியில் நசுங்கி, பூச்சே இல்லாத ஒரு புள்ளியை விட்டுப் போகிறது.

உள்ளிருக்கும் காற்றை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. 100 மில்லி பிடிக்கும் கிண்ணமும் தராசும் போதும். காற்றில்லாத கலவை 150 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 141 கிராம்தான் இருக்கிறதென்றால், நூற்றுக்கு ஆறு பங்கு காற்று. ஒவ்வொரு ஷிஃப்டிலும் இதை எடைபோட்டு எழுதிவைத்தால் போதும், நுரை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சேதி வந்துவிடும்.

இதுவரை சொன்னது சட்டி நுரை. இதற்கு ஆமணக்கு உண்டு. ஆலை மொழியில் டிஃபோமர். கலவை எடையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு, பாதியைக் கலக்கும்போதும் மீதியை இயந்திரத் தொட்டியிலும் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பெரும்பாலும்.

*

அடங்காத நுரைதான் கள் நுரை.

ஸ்டார்ச் சோறு, சி.எம்.சி. கூட்டு, தண்ணீர் தாராளம், முப்பத்தைந்து டிகிரி இதமான சூடு. பாக்டீரியாவுக்கு விருந்து வைப்பதென்றால் கோட்டிங் கலரை விட நல்ல சமையல் கிடையாது. நீண்ட விடுமுறைக்கு ஆலையை நிறுத்தி, தொட்டியின் அடியிலும் குழாயின் வளைவிலும் பழைய கலவையை அப்படியே விட்டுவிட்டால், திரும்பி வரும்போது அது புரையூற்றும் மோராகக் காத்திருக்கும். புதுக் கலவை அதன்மேல் வந்து விழுகிறது. பாக்டீரியா ஸ்டார்ச்சைத் தின்று அமிலத்தைக் கக்குகிறது. இங்கேதான் காகிதப் பூச்சு கள்ளையே மிஞ்சுகிறது. கள்ளில் வாயுவைத் தருவது நுண்ணுயிர் மட்டும். இங்கே நுண்ணுயிர் கக்கும் அமிலம் சுண்ணாம்புக்கல்லின்மேல் பட்டு, கல்லும் வாயுவைக் கக்குகிறது. எலுமிச்சைச் சாறு பட்ட சுண்ணாம்புக்கல் நுரைப்பதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்போமே, அதே வினை. ஒரு கிராம் கால்சியம் கார்பனேட் கரைந்தால் வெளிவரும் கரியமில வாயு கால் லிட்டருக்குச் சற்றே குறைவு. டன் கணக்கில் கல் நிறைந்த தொட்டியில் கிராம் என்பது ஒரு அளவே அல்ல.

டிஃபோமர் இதை அடக்குமா? வந்த குமிழியை உடைக்கும். அடுத்த குமிழி ஏற்கெனவே பிறந்துகொண்டிருக்கும். டிஃபோமரின் துளிகள் பம்ப்பின் அரைப்பில் நொறுங்கி, சிறுத்து, எண்ணெயும் சிலிக்காவும் பிரிந்து, சிறிது நேரத்தில் செயலற்றுப் போகும். ஆகவே இன்னும் ஊற்ற வேண்டியிருக்கும். இரவு ஷிஃப்டில் ஒரு பீப்பாய் காலியாகும். காலையில் டிஃபோமர் சரியில்லை என்று வேறு கம்பெனி சரக்கு வரவழைப்பார்கள். அதுவும் சரியில்லாமல் போகும்.

பி.எச். பார்த்தால் தெரியாதா? தெரியும், ஆனால் தாமதமாக. நல்ல கலவையின் பி.எச். எட்டரையை ஒட்டி இருக்கும். அமிலம் பிறக்கப் பிறக்கச் சுண்ணாம்புக்கல்லே அதை விழுங்கிவிடுவதால் பி.எச். பெரிதாக விழுவதில்லை. எட்டரையிலிருந்து ஏழரைக்கு வந்திருக்கிறது, ஒன்றுதானே குறைந்திருக்கிறது என்று தோன்றும். அந்த ஒன்றுக்குள் எத்தனை அமிலம் செரித்துப்போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. கரைந்த கால்சியம் வேறு சும்மா இராது. துகள்களைப் பிரித்து வைத்திருக்கும் பாலிஅக்ரிலேட்டைப் பிடித்துக்கொள்ளும், லேட்டக்ஸைத் திரட்டும். வடிகட்டியில் மணல் மணலாகச் சிக்கும். ஒருபக்கம் ஸ்டார்ச் தின்னப்பட்டதால் கலவை நீர்க்கும், மறுபக்கம் துகள் திரண்டதால் கெட்டிப்படும். இரண்டில் எது முந்துகிறது என்பது ஆலைக்கு ஆலை மாறும். அழுகிய முட்டை வாடை வந்து, தொட்டியின் ஓரத்தில் சாம்பல் நிறம் படிந்தால் காற்றில்லா இடத்தில் வாழும் பாக்டீரியாவும் குடியேறிவிட்டது என்று பொருள்.

இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. கலவையை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி நிரப்பி, காற்றை நசுக்கி வெளியேற்றி மூடி, சூடான மூலையில் ஓர் இரவு வைக்க வேண்டும். வெளிக்காற்றால் வந்த நுரை என்றால் பாட்டில் அப்படியே சப்பையாகக் கிடக்கும். உள்ளே ஏதோ வாயுவைப் பெற்றுக்கொண்டிருக்கிறது என்றால் காலையில் உப்பி நிற்கும். நிறைய ஆலைகள் இதைச் செய்வதில்லை.

ஆலைத் தொட்டிகளில் பாக்டீரியா வேலை செய்வதை வெறும் தரப் பிரச்சினையாகப் பார்ப்பது ஆபத்து என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சி. விஸ்கான்சின் மாநிலத்தின் டோமஹாக் ஊரில், 2008 ஜூலை 29 அன்று, காகித ஆலை ஒன்றில் நார்க்கழிவும் மறுசுழற்சி நீரும் நின்ற உயரமான தொட்டியின் மேல் வெல்டிங் வேலை நடந்தது. தொட்டிக்குள் பாக்டீரியா உண்டாக்கியிருந்த ஹைட்ரஜன் வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். தண்ணீரும் காகிதக் கூழும்தானே என்று எவரும் உள்ளே வாயுவைச் சோதித்துப் பார்க்கவில்லை.

கள் நுரைக்கு மருந்து சுண்ணாம்பின் வேலையைச் செய்யும் ஒன்று: நுண்ணுயிர்க்கொல்லி. ஐசோதையசோலினோன், குளூட்டரால்டிஹைடு போன்றவை. அதிலும் பனையேறியின் ஒழுங்கு ஒன்று உண்டு. சுண்ணாம்பைப் புளித்த கள்ளில் போட்டுக் கலக்குவதில்லை; சாறு சொட்டுவதற்கு முன்பே கலயத்தில் தடவுகிறார். ஆலையிலும் தொட்டியையும் குழாயையும் சூடான காஸ்டிக்கால் கழுவி, அந்தக் காஸ்டிக்கையும் சோப்பையும் எச்சமில்லாமல் அலசிவிட்டு, பிறகு புதுக் கலவைக்கு மருந்திட வேண்டும். அலசாமல் விட்ட சோப்பு தனி நுரைக் கதையாகிவிடும். கெட்டுப்போன தொட்டியில் மருந்தை ஊற்றினால் உயிர்கள் சாகலாம். ஆனால் அவை பிறப்பித்த அமிலமும் கரைந்த கால்சியமும் அங்கேயே இருக்கும். அந்தத் தொட்டியைக் கொட்டிவிடுவதுதான் மலிவு. எந்த மேலாளருக்கும் இது பிடிக்காது.

*

டிஃபோமரை அதிகம் ஊற்றினால் என்ன போச்சு, கொஞ்சம் செலவுதானே? இல்லை. முன்பு சொன்ன ஒவ்வாமை இங்கே திரும்பி வருகிறது. கரையாத துளி குமிழியை உடைத்துவிட்டு மாயமாகிவிடுவதில்லை. கலவையோடு காகிதத்துக்கு வருகிறது. ஈரப் பூச்சில் ஒரு சிலிகோன் துளி அமர்ந்தால், குமிழிச் சுவரில் செய்த அதே வேலையைப் பூச்சின் மேலும் செய்கிறது: பரவுகிறது, அடியிலிருப்பதைச் சுற்றிலும் தள்ளுகிறது. நடுவில் குழி, சுற்றிலும் மேடு. ஆலைக்காரர்கள் இதை மீன்கண் என்பார்கள். நுரையைக் கொல்லும் வேகத்தில் சிலிகோனுக்கு இணை கிடையாது என்றாலும், பூச்சுக் காகிதத்தில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தத் தயங்குவது இதனால்தான். கனிம எண்ணெய் வகை மெதுவானது, மன்னிப்பதும் அதிகம். இன்னொரு வகை, சூட்டைப் பொறுத்துக் கரைவதும் பிரிவதுமாக இருக்கும் பாலிஈதர். ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் கரைசலிலிருந்து பிரிந்து துளியாகி நுரையை உடைக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் கரைந்து தானே நுரைக்கத் தொடங்கும். சித்திரை வெயிலில் நன்றாக வேலை செய்த சரக்கு மார்கழி விடிகாலையில் முரண்டு பிடித்தால் பீப்பாயைக் குறை சொல்வதற்கு முன் தெர்மாமீட்டரைப் பார்ப்பது நல்லது.

இப்படியாகக் குமிழியும் டிஃபோமரும் ஒரே குற்றத்தைத்தான் செய்கின்றன: தாளில் ஒரு வெள்ளைப் புள்ளி. சிவகாசியில் முருகன் காலண்டர் அச்சாகும்போது நெற்றித் திருநீற்றுக்குப் பக்கத்தில் திருநீறல்லாத ஒரு வெள்ளை வந்து உட்காரும். புகார் ஆலைக்குப் போகும். ஆலையில், நுரை அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று டிஃபோமரைக் கூட்டுவார்கள். மீன்கண்ணால் வந்த புள்ளி என்றால் அடுத்த லோடில் புள்ளி இரட்டிப்பாகும்.

பிரித்தறிய அச்சகத்தார் மேசையில் கிடக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியே போதும். குமிழி வெடித்த இடத்தில் பூச்சே இராது. குழியின் அடியில் காகிதத்தின் நார் இழை இழையாகத் தெரியும். அங்கே ஒரு சொட்டுப் பேனா மை வைத்தால் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். மீன்கண்ணில் குழியின் அடியிலும் பூச்சு மெலிதாக இருக்கும், வழுவழுப்பாக. மை அங்கே ஒட்டாமல் உருண்டையாக நிற்கும். மை உறிஞ்சினால் குழாயின் வாயையும் கிளாண்டையும் பார்த்துவிட்டு டிஃபோமரைக் கொஞ்சம் கூட்டலாம். மை உருண்டால் குறைக்க வேண்டும். இரண்டு வகைப் புள்ளியும் ஒரே தாளில் கலந்து கிடந்தால், யாரோ நெடுநேரம் டிஃபோமரை ஊற்றியும் குமிழி நிற்கவில்லை என்று பொருள். அப்போது தாளை வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போய், பி.எச். என்ன, வாடை என்ன, கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று கேட்க வேண்டும்.